சோற்று டப்பாவில் வந்த சொற்கள்

நான் முதன்முதலாக ஜெர்மன் மொழியில் தடுமாறாமல் பேசிய நாளில் என் வீட்டுக்காரர் கரண்டி என்ற சொல்லை இழந்தார்.

அன்று காலையிலிருந்து மழையும் பனியும் கலந்து பெய்துகொண்டிருந்தது. மருத்துவமனையின் செவிலியர் ஓய்வறையில் நின்றபடியே டப்பாவைத் திறந்து எலுமிச்சைச் சோற்றில் ஒரு வாய் வைத்திருந்தேன். அப்போது தலைமைச் செவிலி எட்டிப் பார்த்து, மூலை அறைப் பெரியவர் ஏன் இன்னும் படுக்கையிலேயே இருக்கிறார் என்று கேட்டார். வந்த நாளிலிருந்து எது கேட்டாலும் தலையாட்டிச் சிரித்து, பிறகு யாரும் பார்க்காத இடத்துக்குப் போய் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று போனில் தேடிக்கொண்டிருந்த நான், அவருடைய சக்கர நாற்காலியின் ஒரு சக்கரம் சிக்கிக்கொண்டது, பழுது பார்க்கிறவருக்குச் சொல்லிவிட்டேன், சாப்பிட்டதும் நானே அவரை எழுப்பி உட்காரவைக்கிறேன் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். தலைமைச் செவிலி நல்லது என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் எதற்கும் வியக்கிற பெண்மணி இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வீங்கிய காலிலிருந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அடுப்படியில் ரசச் சட்டிக்கு முன்னால் நின்றவர் என் பக்கம் கையை நீட்டினார்.

"அத எடு, பாண்டீஸ்வரி."

"எத?"

"அதான்... மோந்து ஊத்துறது."

"கரண்டியா?"

"ஆமா, அதான்" என்றார். எடுத்துக் கொடுத்தேன். ரசத்தை ஊற்றிவிட்டு அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கொடுத்த சொல் அதற்குள் நனைந்த சோப்பு மாதிரி நழுவிப் போயிருந்தது. எனக்கு ஆச்சரியப்படத் தெம்பில்லை. நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவளுக்கு ஆச்சரியம் என்பது இன்னொரு வேலை.

என் வீட்டுக்காரர் சொற்களால் சோறு தின்ற மனிதர். திண்டுக்கல் கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றார். ஜாக்கெட் துணி மட்டும் எடுக்க வந்தவர்கள் அவர் விரித்துப் போட்டுப் பேசிய பேச்சில் மயங்கி மூன்று சேலையோடு படி இறங்குவார்கள். மற்றவர்கள் பச்சை என்று சொல்லும் இடத்தில் அவருக்குக் கிளிப்பச்சை, பாசிப்பச்சை, வாழைக்குருத்து என்று வரிசையாக வரும். நான் நர்ஸிங் கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது, எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் என்ற பயத்தோடும் பெருமையோடும், அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரிவுபசார விழாவுக்குச் சேலை எடுக்கப் போனேன். "இது வெங்காயச் சருகு கலருங்க. கூட்டத்துல நின்னா உங்க பக்கம் மட்டும் விளக்குப் போட்டாப்ல இருக்கும்" என்று அவர் சொன்ன சேலையைத்தான் எடுத்தேன். அடுத்த வருடம் அதே சேலையை நிச்சயத்துக்கும் கட்டினேன்.

ஜெர்மனியில் வேலை கிடைத்தபோது அவர் கடையை விட்டார். பொண்டாட்டி பின்னாடி போறானே என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். "முன்னாடி போனா எனக்கு வழி தெரியாதுல்ல, அதான் பின்னாடி போறேன்" என்று அவரும் சேர்ந்து சிரித்தார். அப்படித்தான் பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் ஒன்றில், மேகம் கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஒரு குடியிருப்பின் இரண்டாம் மாடிக்கு, நான், அவர், எங்கள் மகள் மிதுனா, மூவரும் வந்து சேர்ந்தோம். நான் விடியுமுன் வேலைக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே எழுந்து சமைத்து, டப்பாவில் கட்டி, என் கோட்டின் பித்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டு, "போயிட்டு வா" என்று கதவுவரை வந்தார். பிறகு மிதுனாவை எழுப்பினார், பள்ளியில் விட்டார், துவைத்தார், பெருக்கினார், கூட்டிவந்தார். யாரோடும் பேசாமல் இருந்தார்.

ஆனால் என்னால் பேசாமல் இருக்க முடியாது. இங்கே முழுச் செவிலியாக வேலை செய்ய ஒரு தேர்வு உண்டு. உண்மையான நோயாளியைப் பார்த்து, உண்மையான மருத்துவரிடம், அவர்கள் மொழியில் நிலைமையைச் சொல்ல வேண்டும். முதல் தடவை தோற்றுவிட்டேன். இரண்டாவது தடவைதான் கடைசி. அதிலும் தோற்றால் மூவரும் மூட்டையைக் கட்ட வேண்டும். அவர் விட்டுவந்த இடத்தில் இப்போது வேறொருவர் சேலை விரித்துக்கொண்டிருக்கிறார். இந்தக் கணக்கை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாமலே மனசுக்குள் போட்டுக்கொண்டிருந்தோம்.

அதனால் சொற்கள் வந்தபோது எங்கிருந்து என்று கேட்காமல் வாங்கிக்கொண்டேன். தயிர்ச்சோறு கொண்டுபோன நாளில் கட்டு மாற்றும்போது பேசும் பேச்செல்லாம் எனக்கு வந்தது, மழையைப் பற்றிய சொற்களெல்லாம் அவருக்குப் போயின. புளிக்குழம்பு கொண்டுபோன நாளில் மருந்தின் அளவும் நேரமும் சொல்ல வந்தது, அவருக்குச் சன்னலும் வாசலும் நிலைப்படியும் போயின. சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் கொண்டுபோன நாளில், அழுகிற மூதாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லத் தகுந்த மூன்று நல்ல வார்த்தைகள் வந்தன. அன்று அவர் காயப்போட்ட துணிகளுக்கு முன்னால் என்னுடைய ஒரு ரவிக்கையைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"இது... இந்தக் கலரு" என்றார்.

மயில்கழுத்து என்று நான் சொன்னேன். அது அவரிடம் நிற்கவில்லை. அரக்கு, சந்தனம், கத்திரிப்பூ, வெங்காயச் சருகு, எல்லாம் ஒரே நாளில் போயிருந்தன. ரவிக்கையைக் கொடியில் போட்டு, சுருக்கம் இல்லாமல் நீவிவிட்டு, உள்ளே போனார்.

அன்று கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா, இது எப்படின்னு?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொத நாள்ல இருந்தே. டப்பாவ மூடும்போது கைவழியா ஒண்ணு எறங்கிப் போகும்."

"தெரிஞ்சுமா கட்டிக் கொடுத்தீங்க?"

"கடையில ஒரு சேலைக்கு நூறு வார்த்த சொல்லணும். இங்க நான் என்னத்த..." நிறுத்தினார். விற்பது என்ற சொல்லைத் தேடினார், கிடைக்கவில்லை, கையை மட்டும் விரித்துக் காட்டினார். "சும்மா கெடக்குறது உனக்காவது ஆகட்டும்."

"அது உங்களோடதுங்க."

"ஏன், கால் வீங்குறது மட்டும் உன்னோடதா?" என்று கேட்டுவிட்டு வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

எங்கள் கட்டடத்தில் தமிழ் பேசும் வீடுகள் இன்னும் இரண்டு இருந்தன. கீழ்த்தளத்தில் யாழ்ப்பாணத்து ராசமலர் அக்காவும் அவர் கணவர் செல்வரத்தினமும். ஊரை விட்டு வந்து பல காலம் ஆனவர்கள். மேல்மாடியில் நாகர்கோவில்காரர் ஜெபசிங், மென்பொருள் கம்பெனியில் வேலை. அவர் மனைவி கார் ஓட்டும் உரிமத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் மிளகாய்த்தூள் கொடுக்க வந்த ராசமலர் அக்காவிடம் உட்காரச் சொல்ல முடியாமல் என் வீட்டுக்காரர் நாற்காலியைத் தட்டிக் காட்டினார். விஷயத்தைச் சொன்னேன். அக்கா மிளகாய்த்தூளை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"வந்த இடத்தில ஒவ்வொருத்தருக்கும் ஒண்டு போகும், பிள்ளை. எங்கட இவருக்குத் தலைமயிர் போனது. தம்பிக்குச் சொல்லுப் போகுது" என்றார். பிறகு மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். "தம்பி, இஞ்ச பாரும். தும்புத்தடி."

"தும்புத்தடி" என்றார் அவர்.

அது நின்றது. மறுநாளும் நின்றது. போனில் என் அம்மா கொடுத்த சொற்கள் ஒட்டவில்லை, முகத்துக்கு முன்னால் நின்று மூச்சுப்படச் சொன்னால்தான் ஒட்டியது. அதிலும் அந்தப் பொருளோடு பழகியவர் சொல்ல வேண்டும். ஜெபசிங் ஒரு சுத்தியலை வாங்கிக்கொண்டு வந்து சுத்தியல் சுத்தியல் என்று தொண்டை கட்டும்வரை சொன்னார். ஆணி அடித்தே அறியாத மனிதர், அந்தச் சொல் அவர் படியேறும் முன்பே கீழே விழுந்துவிட்டது. ஆனால் ஜெபசிங் நன்றாக மீன்குழம்பு வைப்பார். அவர் கொடுத்த நெத்திலி நின்றது, சாளை நின்றது, அவர் ஊரில் கரண்டிக்குச் சொல்லும் தவி என்ற சொல்லும் நின்றது. நான் கொடுத்தவை மட்டும் ஏன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த நாட்டுக்கு வந்தபிறகு நான் ஒரு கரண்டியைத் தொட்டதில்லை. விளக்குமாறு எந்த மூலையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். பலகாரம் கொண்டுவருவதுபோல ஆளுக்கு ஒரு சொல் கொண்டுவந்தார்கள். தையல் தெரிந்தவர் ஊசி கொடுத்தார், பேருந்து ஓட்டுகிறவர் சாலை கொடுத்தார், பல வருடமாகத் தூக்கம் வராத ஒருவர் விடியல் கொடுத்தார். நிறங்களை மட்டும் யாராலும் கொடுக்க முடியவில்லை. அந்த ஊரில் யாரும் நிறங்களைக் கையால் விரித்துப் பார்த்துப் பழகியிருக்கவில்லை. தமிழ்ப் பள்ளி ஆசிரியை அவரைச் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் உட்காரவைக்கலாம் என்றார். மிதுனா வெட்கப்பட்டு அழுததால் விட்டுவிட்டோம். மருத்துவர் எல்லாப் பரிசோதனையும் செய்து எல்லாம் நலம் என்றார். வீட்டுச் சொந்தக்காரம்மா எதையுமே கவனிக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த ஓர் ஆண் படிக்கட்டில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவது அவருக்குப் பழகிய காட்சிதான்.

"யன்னலச் சாத்து, குளிருது. தவி எங்க வச்சேன்? கொஞ்ச நேரம் கதைச்சிட்டுப் போ" என்று என் வீட்டுக்காரர் பேசலானார். அம்மா போனில் கேட்டார்: "ஏன்டி, மாப்பிள்ள சிலோன் ரேடியோ மாதிரி பேசுறாரு?"

மற்ற வீடுகளிலும் இதே பேச்சாக இருந்தது. ஜெபசிங் தன் மனைவிக்குத் தினமும் டப்பா கட்டிக் கொடுத்துப் பார்த்தார், அவருக்கு ஒரு சொல்லும் குறையவில்லை, மனைவிக்குப் போக்குவரத்து விதி ஒன்றும் ஏறவில்லை. "அதுக்கு உப்புப் பாத்துப் போடணும்லா" என்றார் மனைவி. ராசமலர் அக்கா தன் கணவரைப் பார்த்து, "அவர் குடுக்கிறார். நீங்கள் கலியாணம் கட்டின நாள் துவக்கம் என்னட்ட வாங்கினதுதான்" என்றார். செல்வரத்தினம் தலையைத் தடவிக்கொண்டு, "என்னட்ட இருந்ததை முதல் வருசமே நீர் எடுத்துப்போட்டீர்" என்றார்.

எல்லோரும் சிரிக்கவில்லை. டயர் கிடங்காக இருந்த இடத்தில் நடக்கும் பிள்ளையார் கோயிலில், தீபாராதனைக்குக் காத்து நின்றபோது, எனக்குப் பின்னால் ஒரு பெண், "புருஷன் நாக்கத் தின்னுட்டுல்ல ஜெர்மன் பேசுறா" என்று என் காதில் விழும்படி சொன்னார். ராசமலர் அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "உம்மட மனிசன்ர மூளையை முழுசாத் திண்டும் உமக்கு ஒரு சொல்லு வரேல்லையே" என்றார். ஆனாலும் அந்தப் பேச்சு எனக்குள் தங்கிவிட்டது. திருநீறு பூசிக்கொள்ளக் கை எழவில்லை.

மறுநாளிலிருந்து டப்பாவை எடுக்காமல் போனேன். மருத்துவமனையில் ரொட்டி வாங்கித் தின்றேன். எனக்குப் புதிதாக ஒரு சொல்லும் வரவில்லை, இருந்தவை இருந்தன. அவர் தினமும் கட்டினார், நான் தினமும் மேசையிலேயே விட்டேன். சாயங்காலம் திரும்பும்போது அது ஆறிப்போய் அங்கேயே இருக்கும், அவரும் தொட்டிருக்கமாட்டார். அப்போது அவரிடம் சொந்தச் சொற்களாக மிஞ்சியிருந்தவை ஒரு கைப்பிடி: வா, போ, சாப்பிடு, பத்திரம், மிதுனா, பாண்டீஸ்வரி. மற்றதெல்லாம் இரவல். மிஞ்சியதை அவர் வைத்துக்கொள்ளட்டும், தேர்வு என் சொற்களோடு நடக்கட்டும் என்று இருந்தேன். அப்படித் தீர்மானித்தேனே தவிர, பேருந்தில் போகும்போதும் குளிக்கும்போதும் இருக்கிற சொற்களை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

தேர்வன்று காலையில் அவர் டப்பாவைப் பற்றிப் பேசவில்லை. என் சீருடையை மடிப்புக் கலையாமல் தேய்த்துவைத்திருந்தார். கோட்டின் பித்தான்களைக் கழுத்துவரை போட்டார். "போயிட்டு வா" என்றார்.

எனக்குக் கொடுத்த நோயாளி ஒரு மூதாட்டி. அவருக்குத் தலையணையைச் சரிசெய்தேன், நாடி பார்த்தேன், எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு அவர் தன் விலா எலும்பில் கையை வைத்து, விரல்களை மூடித் திறந்து மூடித் திறந்து, தன் வலியைக் காட்டினார். தேர்வு நடத்திய மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். இந்த வலி எப்படிப்பட்டது, மருத்துவரிடம் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு வந்ததெல்லாம் குத்துது, கடுக்குது, சுருக்குங்குது, விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. எங்கள் ஊரில் ஒரு வலிக்கு எத்தனை சொல். இந்த ஊர் மொழியில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. பேனாவை எடுப்பதுபோலச் சட்டைப்பையில் கையை விட்டேன். அங்கே தாளில் சுற்றிய ஒரு சின்னத் துண்டு இருந்தது. கடலை மிட்டாய். வெல்லப் பாகு காய்ச்சி, கடலை உடைத்துப் போட்டு, அவர் வீட்டிலேயே செய்வது.

தண்ணீர் குடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பினேன். வெளியே ஒரு மனிதர் தன் காரின்மேல் விழுந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தின்னாமல் போனால் மூன்று பேரும் திரும்ப வேண்டும். தின்றால் அவரிடம் மிஞ்சியிருக்கும் கைப்பிடியிலிருந்து ஒன்று போகும். சீருடையைத் தேய்க்கும்போதே இதையெல்லாம் அவர் யோசித்து முடித்திருப்பார். கொடுத்தவர் யோசித்துக் கொடுத்ததைத் திருப்பி அனுப்ப எனக்குத் தெரியவில்லை. வாயில் போட்டுக்கொண்டேன்.

தேர்ச்சி என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். கைகுலுக்கினார்கள். நான் கழிப்பறைக்குப் போய் அவருக்கு போன் செய்தேன்.

"சொல்லு, பாண்டீஸ்வரி" என்றார்.

என் பெயர் இருந்தது. "மிதுனா எங்க?" என்றேன்.

"மிதுனா வெளையாடுது."

மகளின் பெயரும் இருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டேன். அப்படியானால் போனது பத்திரம் என்ற சொல்லாக இருக்கலாம், வா என்ற சொல்லாக இருக்கலாம், அதை யாராவது கொடுத்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே டிராமில் வந்தேன்.

கட்டட வாசலில் பொட்டலம் கொண்டுவந்த ஆள் நின்றிருந்தார். அவருக்கு எதிரே என் வீட்டுக்காரர். பெயரைச் சொன்னால் கொடுத்துவிடுவதாக அந்த ஆள் மறுபடி மறுபடி சொன்னார். என் வீட்டுக்காரர் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த பெயர்களை மேலிருந்து கீழாகப் பார்த்தார், கீழிருந்து மேலாகப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஊருக்குப் புதிதாக வந்தவர் தெருவில் வழி கேட்பதற்கு முன் பார்ப்பதுபோல ஒரு பார்வை.

படிக்கட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஜெபசிங் மணிப்பலகையில் இருந்த பெயரைச் சத்தமாகப் படித்தார். என் வீட்டுக்காரர், யாரையோ அறிமுகப்படுத்தியதுபோல மரியாதையாகத் தலையசைத்தார். "நான் எப்பவும் அண்ணேன்னுதான கூப்பிட்டேன்" என்று ஜெபசிங் கைகளைப் பிசைந்தார். ராசமலர் அக்காவும் செல்வரத்தினமும் கூப்பிட்டது தம்பி. பள்ளியில் அவர் மிதுனாவின் அப்பா. மிதுனாவுக்கு வெறும் அப்பா. போனில் வரும் அவருடைய அண்ணன் குரலுக்கு மூச்சு கிடையாது. அந்தப் பெயரோடு பழகியவர் என்று அந்தக் கண்டத்திலேயே ஒருவர் இருந்தால் அது நானாக இருக்க வேண்டும், நானோ கல்யாணமான நாளிலிருந்து அவரை என்னங்க என்று தவிர வேறெதுவும் கூப்பிட்டதில்லை. அலுவலகங்களில் கேட்டால் எழுதிக் காட்டுவேன். இதுவரை இந்தக் கதையிலும் அதை எழுதவில்லை.

எங்கள் பக்கம் பெண்கள் கணவர் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும். ரேஷன் கடையில் பெயர் கேட்டால் அம்மா என்னை முன்னால் தள்ளிவிடுவார், நான் அப்பா பெயரைக் கத்துவேன். அம்மா வாயால் நான் அதைக் கேட்டது ஒரே ஒரு நாள், அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன நாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு கணவர் பெயர் மனைவியின் வாயில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"எனக்குப் பயமா இருக்குக்கா" என்றேன்.

ராசமலர் அக்கா என் தோளில் கிடந்த பையை வாங்கிக்கொண்டார். "நாங்களும் சொல்லுறேல்லைதான், பிள்ளை. வரேக்க ஒவ்வொரு எல்லையிலயும் மறிச்சு மறிச்சு மனிசன்ர பேரென்ன, மனிசன்ர பேரென்ன எண்டு கேட்டாங்கள். சொல்லாட்டி ஆளை விடமாட்டாங்கள். எல்லா இடத்திலயும் சொன்னன். ஒண்டும் நடக்கேல்லை. உந்தா நிக்கிறார், இண்டைக்கும் எனக்குக் கரைச்சல் தந்துகொண்டு."

"நான் எங்க கரைச்சல் தந்தனான்?" என்றார் செல்வரத்தினம்.

வீட்டுக்குள் போனோம். அவர் வழக்கம்போல அடுப்படிக்குப் போனார், நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் பின்னால் போனேன். அவர் முகத்துக்கு எதிரே, மூச்சுப்படும் தூரத்தில் நின்றேன். முதல் எழுத்தோடு நின்றுவிட்டேன். மறுபடி தொடங்கினேன்.

"தங்கமாயன்" என்றேன்.

காத்திருந்தேன். குளிர்பெட்டி உறுமியது. குழாய் சொட்டியது. அவர் நின்றார், மூச்சு விட்டார், மரியாதையாகத் தலையசைத்தார். ஒன்றும் நடக்கவில்லை, நல்லதும் நடக்கவில்லை, கெட்டதும் நடக்கவில்லை. நான் சொன்னது மணிப்பலகையில் இருந்த பெயரைத்தான்.

அப்போது அம்மாவின் குரல் நினைவுக்கு வந்தது. அன்று அவர் அப்பாவைக் கூப்பிட்டது ஒருநாளும் சொல்லாத சொல்லைச் சொல்வதுபோல இல்லை. தினமும் மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல்லைப்போல இருந்தது. அப்படித்தான் பழக வேண்டும்போல என்று நினைத்துக்கொண்டு, கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டி, கையைக் கழுவி, அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு அடுப்புக்கு முன்னால் நின்றேன்.

"தங்கமாயன், அரிசி எதுல இருக்கு?"

அவர் டப்பாவைக் காட்டினார்.

"தங்கமாயன், இந்த அடுப்ப எப்படிப் போடுறது?"

எழுந்து வந்து திருகிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

"அம்மா அப்பாவப் பேர் சொல்றா!" என்று மிதுனா கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கமாயன், உப்பு எங்க. தங்கமாயன், இந்தச் சட்டி போதுமா. தங்கமாயன், வெங்காயம் வெட்டினா உங்களுக்கும் இப்படித்தான் எரியுமா. ஒவ்வொரு தடவையும் அவர் யாருக்கோ வந்த செய்தியைக் கேட்டுச் சொல்வதுபோல அன்பாகக் கையைக் காட்டினார். கால் வலித்தது. பருப்பு வேகத் தாமதமானது. எத்தனை நாள் இந்த இடத்தில் இப்படி நின்று, இந்த ஆவியில் முகம் வேர்த்து, யாரோடும் பேசாமல் எனக்காக மூடி போட்டிருப்பார் என்ற நினைப்பிலேயே ரசத்தை இறக்கினேன். சோறு வெந்தது. தட்டைக் காணோம். மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், பயத்தையெல்லாம் எங்கோ வைத்து மறந்துவிட்டு, வீட்டில் ஆளைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டேன்.

"தங்கமாயன்!"

சன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவர் சட்டென்று திரும்பினார்.

"என்ன, பாண்டீஸ்வரி?"

மிதுனா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். அவரும் தான் திரும்பியதைத் தானே கவனித்தார். அந்தப் பெயரை ஒரு தடவை மெல்லத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார்.

"தட்டு எங்கன்னு கேட்டேன்" என்றேன். அவர் எழுந்தார். நீங்க உக்காருங்க, எடத்த மட்டும் சொல்லுங்க என்று சொல்லிவிட்டு, நானே எடுத்து, சோற்றைப் போட்டு, ரசத்தை ஊற்றி, அவர் முன்னால் வைத்தேன். ஒரு வாய் பிசைந்து தின்றார். உப்புக் குறைவு என்று அவர் முகத்தில் தெரிந்தது, சொல்லவில்லை. பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கரண்டி" என்றார்.

அவருக்குக் கரண்டி போன அன்று எனக்கு வந்த சக்கர நாற்காலி என்பதற்கான சொல் நாளைக்கு மருத்துவமனையில் எனக்கு வராது. யாரிடமாவது கேட்டுக்கொள்வேன். இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.